உரக்க வாசித்த பட்டியல்: மலையிலிருந்து வந்த ஒரு மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு பதினான்கு வயது மாணவன் ஒருவனைப் பற்றியது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று மூன்று மலை ஊராட்சிகள் இருக்கின்றன. அந்தப் பக்கத்து மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்பு வரை மலையிலேயே உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தான். ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இறங்கி ஒரு பள்ளியில் சேர்ந்தான், விடுதியில் தங்கினான். அவன் பெயரையும் ஊரையும் பள்ளியையும் எழுதவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புதல் தந்தார்கள். அவனிடமும் தனியாக இசைவு கேட்டேன். “என் பெயர் வராது என்றால் எழுதுங்கள் அக்கா” என்றான்.

வளரிளம் பருவத்தினரிடையே சகமாணவர் துன்புறுத்தலும் இன அடையாளமும் என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். பல பள்ளிகளில் படிவங்கள் நிரப்பி வாங்கியிருக்கிறேன். இருந்தும் இந்த ஒருவனைப் பற்றி விரிவாக எழுதக் காரணம், இவன் பட்ட கேலிக்கு வேண்டிய ஆயுதத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்து கொடுத்தது பள்ளியின் ஒரு சாதாரண அலுவலக நடைமுறைதான் என்பதை வருகைப் பதிவேட்டை வைத்தே காட்ட முடிகிறது என்பதுதான். கேலி செய்த பையன்களைத் திருத்துவது, கேலிக்கு ஆளானவனைத் தைரியப்படுத்துவது என்ற இரண்டோடு நம் பள்ளிகள் நின்றுவிடுகின்றன. இந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

திங்கட்கிழமை வயிற்றுவலி

வகுப்பாசிரியர்தான் அவனை என்னிடம் அனுப்பினார். சேர்ந்த முதல் மாதம் நன்றாகக் கணக்குப் போட்டவன், ஆகஸ்டுக்குப் பிறகு கரும்பலகைப் பக்கமே வருவதில்லை; திங்கட்கிழமைகளில் வயிற்றுவலி என்று விடுதியிலேயே படுத்துவிடுகிறான் என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை.

விடுதிக் காப்பாளர் ஒரு விளக்கம் சொன்னார். சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய்விட்டு வரும் மலைப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை வீட்டு ஏக்கம் வருவது வழக்கம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். பொருத்தமான விளக்கம்தான். ஆனால் பதிவேடு அதற்கு ஒத்துவரவில்லை. காலாண்டுத் தேர்வையொட்டிய வாரங்களிலும் அவன் ஊருக்குப் போய்த்தான் வந்திருக்கிறான். அந்தத் திங்கட்கிழமைகளில் ஒன்றில்கூட விடுப்பு இல்லை. அக்டோபர் நடுவில் வயிற்றுவலி மறுபடியும் தொடங்கியது. தேர்வு வாரங்களில் நிறுத்திவைத்திருந்த ஒரு வேலையை வகுப்பாசிரியர் அப்போதுதான் மீண்டும் எடுத்திருந்தார். திங்கட்கிழமை முதல் பாடவேளையில் கல்வி உதவித்தொகைப் பட்டியலை வாசித்து, ஆவணம் தராதவர்களை எழுப்பி நிறுத்திக் கேட்பது அந்த வேலை.

“எஸ்.டி. யார், எழுந்திரு.” வகுப்பில் எழுந்து நின்றவன் இவன் ஒருவன் மட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இது தொடங்கியது தற்செயல் இல்லை. பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் ‘ப்ரீ-மெட்ரிக்’ உதவித்தொகை ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு உரியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஆண்டில் கேட்கப்படும். மலைப் பள்ளியில் உடன் படித்த எல்லாரும் மலைப் பிள்ளைகளே. அங்கே யாரும் யாரையும் தனியாக எழுப்பி நிறுத்தத் தேவை வரவில்லை. பழங்குடியினர் சான்றிதழுக்குச் சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் கையொப்பம் வேண்டும். வட்டாட்சியர் அளவில் முடியாது. அதனால் தாமதமாகும். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் “இன்னும் கொண்டுவரவில்லையா” என்ற கேள்வி எழும். ஆசிரியரின் நோக்கத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. பையனுக்கு வரவேண்டிய பணம் போய்விடக் கூடாதே என்ற கவலையில்தான் கேட்டார். அந்தக் கவலையே வாரந்தோறும் ஐம்பது பேர் முன்னால் அவனைத் தனியாக நிறுத்தியது.

அவன் யார் என்று வகுப்பு தெரிந்துகொண்டது

தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளிகள். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பல மலைகளில் பரவி வாழ்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வாய்மொழி மரபு. பேசுவது தமிழ். கேரளத்தோடு இவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்பதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வகுப்பில் முதலில் வந்த கேலியே அதுதான். பெயரோடு கவுண்டர் என்று சேர்த்துக்கொள்வார்கள். ஊர்க்கவுண்டர், நாட்டார் என்று தங்களுக்குள் ஒரு பஞ்சாயத்து அமைப்பும் வைத்திருக்கிறார்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையிலிருந்து ஆண்கள் பலர் இப்போது திருப்பூருக்கும் தோட்ட வேலைக்கும் கூலிக்குப் போகிறார்கள். இவனுடைய தகப்பனாரும் அப்படிப் போனவர்.

அரசின் பழங்குடிப் பட்டியலில் மலையாளிகளின் பெயர் மாவட்டங்களைச் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று வட ஆற்காடு. அந்த மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்து, பிறகு வேலூர் என்று பெயர் மாறி, 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. சான்றிதழ் விசாரணையில் மட்டும் பழைய பெயர் இன்றும் உயிரோடு இருக்கிறது. பையனின் தாத்தா தன்னை வட ஆற்காட்டுக்காரர் என்றே சொல்கிறார்.

அவன் எதிர்கொண்ட கேலியை நான் மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்த்தேன். முதலாவது, பேச்சைப் பார்த்துப் பேசிக்காட்டுவது. சொல்லின் கடைசியை அவன் இழுத்துப் பேசுவான். அவன் வாயைத் திறந்ததும் பின்பெஞ்சு அதே இழுப்பில் எதிரொலிக்கும். கரும்பலகைப் பக்கம் போவதை நிறுத்தியது இதனால்தான். கணக்கு தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் மாட்டான்.

இரண்டாவது, “செம்மரம்” என்ற பட்டப்பெயர். இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்கு உடனே விளங்காது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அதன் பிறகு இந்த வட்டாரத்தில் மலையிலிருந்து வரும் எந்த ஆணையும் செம்மரக் கடத்தலோடு சேர்த்துப் பேசுவது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. இவன் குடும்பத்தில் யாரும் அந்த வேலைக்குப் போனதில்லை. ஆனால் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் துக்கம் விழுந்ததைப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவன். வகுப்புக்கு அது விளையாட்டுப் பெயர். அவனுக்கு அது ஊரின் சாவு.

மூன்றாவதுதான் பட்டியல் வாசிப்பால் நேரடியாக விளைந்தது. “சும்மா பணம் வாங்குகிறவன்”, “எங்கள் சீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறவன்”, “பெயரில் கவுண்டர், காகிதத்தில் எஸ்.டி.” வகுப்பாசிரியர் குறித்துவைத்திருந்த முறையீடுகளிலும் மாணவர்கள் எனக்குச் சொன்னதிலும் இந்த மூன்றாம் வகைப் பேச்சு, பட்டியல் வாசிப்பு தொடங்கிய ஆகஸ்டுக்கு முன்னால் ஓரிடத்தில்கூட இல்லை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு 1 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் 1.1 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் அந்த வகுப்பில் யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

படிவங்கள் சொன்னதும் சொல்லாததும்

நார்வேயில் ஆய்வுசெய்த டான் ஓல்வியஸ் துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்குப் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. அவருடைய வினாப்பட்டியலைத் தழுவிய தமிழ்ப் படிவத்தைப் பயன்படுத்தினேன். “கடந்த சில மாதங்களில் நீ துன்புறுத்தப்பட்டாயா” என்ற பொதுக் கேள்விக்கு அவன் “இல்லை” என்று குறியிட்டான். சில வரிகள் தள்ளி, நிறம், இனம் பற்றிய மோசமான பெயர் சொல்லி அழைத்தார்களா என்ற கேள்வி வருகிறது. மூலப் படிவத்தில் இனமும் நிறமும்தான். எங்கள் வடிவத்தில் ஊர், சாதி, பேச்சு ஆகியவற்றையும் சேர்த்திருந்தோம். அதற்கு “வாரத்தில் பல முறை” என்று குறியிட்டிருந்தான்.

இரண்டு பதிலும் பொய் இல்லை. அடித்தால்தான் துன்புறுத்தல்; பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லா வகுப்பிலும் உள்ளது என்று அவன் நினைத்தான். பொதுக் கேள்வியை மட்டும் வைத்து எண்ணும் கணக்கெடுப்பில் இந்தப் பையன் துன்பமே இல்லாதவனாகப் பதிவாகியிருப்பான். இந்த வகைப் பிள்ளைகளை ஆய்வு செய்ய வருபவர்கள் தனித்தனிக் கேள்விகளை ஒருபோதும் வெட்டிச் சுருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன அடையாளத்துக்கு அமெரிக்க உளவியலாளர் ஜீன் ஃபின்னியின் அளவுகோலில் திருத்தப்பட்ட ஆறு வினா வடிவத்தை எடுத்தேன். மூன்று வினாக்கள் தன் சமூகத்தைப் பற்றித் தேடித் தெரிந்துகொள்வது பற்றியவை. மூன்று வினாக்கள் அதன்மேல் உள்ள பற்று பற்றியவை. இவனுக்குப் பற்று உயரத்தில் இருந்தது, தேடல் அடிமட்டத்தில். பழகிய மண்ணில் எல்லாரும் ஒன்றாக இருக்கும்போது தேட என்ன இருக்கிறது? வளரிளம் பருவத்தில் அடையாளம் ஆராயப்படாத நிலையில் தொடங்கி, தேடலைக் கடந்து, தெளிந்த நிலைக்கு வருகிறது என்று ஃபின்னி 1989இல் எழுதினார். இவன் முதல் நிலையில் இருக்கும்போதே கேள்வி எழுப்புகிறவர்கள் நடுவில் வந்து நின்றான். பற்று இருந்தது, பதில் இல்லை.

நேர்காணல்களில் நான் கவனித்த ஒரு மாற்றத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். தொடக்கத்தில் “நான் பேசுவது சரியில்லை அக்கா, மாற்றிக்கொள்ள வேண்டும்” என்றான். சில வாரங்களில் அது “நாங்கள் பேசுவதே இப்படித்தான்” என்று ஆனது. பிறகு “நாங்களே இப்படித்தான்.” அமெரிக்காவில் சாண்ட்ரா கிரஹாமும் யானா யுவோனெனும் 1998இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். என் நடத்தையால் இப்படி நடக்கிறது என்று தன்னைக் குற்றம் சொல்லும் பிள்ளையைவிட, நான் இருப்பதே இப்படி என்று சொல்லும் பிள்ளை அதிகம் நொறுங்குகிறது என்பது அது. இங்கே குற்றம் ஒருவனின் இயல்போடும் நிற்கவில்லை. குலம் முழுவதற்கும் ஏறிவிட்டது. நெதர்லாந்தில் வெர்க்கௌட்டனும் தைஸும் சிறுபான்மைப் பிள்ளைகளிடம் கண்டதும் இதற்கு நெருக்கமானது: இன அடிப்படையிலான இழிவு முதலில் தன் கூட்டத்தைப் பற்றிய மதிப்பை அரிக்கிறது, அதன் வழியே தன்மதிப்பை அரிக்கிறது. நவம்பரில் தகப்பனார் பள்ளிக்கு வருவதாகச் சொன்னபோது அவன் வேண்டாம் என்று அழுதான். அப்பா பேசினால் எல்லாரும் கேட்பார்களே என்பதுதான் பயம்.

இதே வகுப்பில் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவன் ஒருவன் உண்டு. ஆந்திர எல்லையோரத்து மாவட்டத்தில் இது சாதாரணம். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அவன் பேச்சையும் பேசிக்காட்டுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே பதிலுக்கு ஒன்று வைப்பான். இவனுக்கு அந்தத் துணிச்சல் இல்லை என்று ஆசிரியர்கள் ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீடு தவறு. தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் அந்த வகுப்பில் பலர். அண்ணன்மார் மேல்வகுப்பில் இருக்கிறார்கள். கடைத்தெருவில் அவர்கள் கடை இருக்கிறது. ஓல்வியஸ் சொன்ன ஏற்றத்தாழ்வு அங்கே இல்லை. ஒரே சொல் ஒருவனுக்கு விளையாட்டாகவும் இன்னொருவனுக்கு வதையாகவும் ஆவது சுற்றி நிற்பவர்களின் எண்ணிக்கையால். தனிமனிதத் துணிச்சலுக்கு அதில் சிறிய பங்குதான்.

என்ன செய்தோம்

முதல் வேலை பட்டியலை வகுப்பறையிலிருந்து வெளியே எடுப்பது. இதற்கு எனக்குக் கையில் வலுவான ஆதாரம் இருந்தது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு நியமித்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்கள் மாணவரின் சாதியை வகுப்பில் குறிப்பிடக் கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற பரிந்துரைகள் அதில் இருக்கின்றன. தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டு அன்றே வாசிப்பை நிறுத்தினார். வகுப்பாசிரியர் மனம் வருந்தினார். என்னைவிட அவருக்குத்தான் அந்த மாணவன்மேல் அக்கறை நீண்டகாலமானது. அதனால்தான் மற்ற வேலைகளும் நடந்தன.

சான்றிதழ் விஷயத்தைக் குடும்பத்தின் தலையில் விடாமல் பள்ளியே ஒரு கடிதத்தோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பியது. தாமதம் குறைந்தது.

அடுத்து, சிரிக்கிறவர்கள். பின்லாந்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் காட்டியபடி, துன்புறுத்தலில் செய்பவனும் படுபவனும் மட்டும் இல்லை. கூட்டுச் சேர்பவர், சிரித்து ஊக்குபவர், ஒதுங்கி நிற்பவர், தடுப்பவர் என்று வகுப்பே ஏதாவது ஒரு பங்கில் இருக்கிறது. பின்பெஞ்சில் எதிரொலி எழுப்பியவர்களில் பெரும்பாலோர் ஊக்குபவர்கள்தாம். இருக்கை மாற்றினோம். தெலுங்கு வீட்டுப் பையனைத் தனியே அழைத்துப் பேசினேன். அவன் இடம் மாறி இவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பாதி எதிரொலி அத்தோடு அடங்கியது.

முன்னணியில் நின்றவனிடம் பேசியது எனக்குப் பெரிய பாடம். தாய் தோல் பொருள் தொழிற்சாலையில் கூலி. தகப்பன் குடும்பத்தோடு இல்லை. எந்தப் பட்டியலிலும் தன் பெயர் வராததைத் திங்கட்கிழமைதோறும் அவன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கும் வேறொரு திட்டத்தில் உதவி பெறத் தகுதி இருந்தது. யாரும் விண்ணப்பம் போடச் சொல்லவில்லை. வகுப்பாசிரியர் அதை எடுத்துச் செய்தார். அவன் செய்ததை இது நியாயப்படுத்தாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லப்பட்டது, கேட்டான், அரைமனதாக. பட்டப்பெயரை அதன் பிறகு அவன் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை.

பள்ளி ஒரு யோசனை சொன்னது: ஆண்டு விழாவில் இவனை மலைவாழ் உடையில் மேடையேற்றிப் பழங்குடிக் கலையைப் பெருமைப்படுத்தலாம் என்று. நான் கடுமையாக எதிர்த்தேன். வாரந்தோறும் எழுப்பி நிறுத்தப்பட்டவனை வேடம் போட்டு இன்னொரு முறை எழுப்பி நிறுத்துவதில் என்ன பெருமை? அவன் தினமும் போடும் சட்டையையே ஊரிலும் போடுகிறான். பெருமை என்பது பார்ப்பவருக்காக நடத்தப்படும்போது பார்க்கப்படுகிறவன் மேலும் தனியாகிறான்.

அதற்குப் பதிலாகத் தேடலை அவன் கையிலேயே கொடுத்தோம். தாத்தாவிடம் கேட்டு எழுதிவர ஒரு நோட்டு. எந்த நாட்டில் (பல ஊர்கள் சேர்ந்த மலைப் பகுதியை நாடு என்பார்கள்) எத்தனை ஊர், யார் ஊர்க்கவுண்டர், எந்த மழைக்கு எந்தக் கொல்லையில் சாமை விதைப்பது, காஞ்சிபுரத்திலிருந்து வந்த கதை. நோட்டை யாரிடமும் காட்டத் தேவையில்லை என்று சொன்னேன். தாத்தா அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டே போனார். “இந்தப் பிள்ளை இதுவரை எதையும் கேட்டதில்லை, கண்ணு” என்று என்னிடம் மகிழ்ந்தார். நோட்டு நிரம்பியது. செம்மரம் பற்றியும் அவனே கேட்டு எழுதியிருந்தான். அந்தப் பக்கங்களை நான் படிக்கவில்லை.

பெற்றோருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் விளக்கினேன். புகார் வேண்டாம் என்பது அவர்கள் முடிவு. சான்றிதழ் விசாரணையில் சிக்கல் வந்துவிடுமோ என்ற அச்சமும் அதில் இருந்தது. புகாருக்கும் விசாரணைக்கும் தொடர்பில்லை என்று சொல்லியும் அந்த அச்சம் முழுதாகப் போகவில்லை.

இப்போதுள்ள நிலை

ஜனவரிக்குப் பிறகு திங்கட்கிழமை விடுப்பு அநேகமாக இல்லை. வயிற்றுவலி தேர்வுக்கு முன்னால் ஒருமுறை வந்து போனது. கணக்கைக் கரும்பலகையில் எழுதுகிறான். விளக்கிச் சொல்லச் சொன்னால் இன்னும் தயங்குகிறான். ஆண்டு இறுதியில் ஃபின்னி அளவுகோலை மறுபடியும் கொடுத்தபோது தேடல் வினாக்களில் பதில் மேலே போயிருந்தது. பற்று முன்பு இருந்த உயரத்திலேயே இருந்தது. கேலி பற்றிய வரியில் “வாரத்தில் பல முறை” என்பது “மாதத்தில் ஓரிரு முறை” ஆகியிருந்தது. பொதுக் கேள்விக்கு இந்த முறை “ஆம்” என்று எழுதினான். படிவத்தை எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பவருக்கு இவன் நிலை மோசமானதுபோலத் தோன்றும். தனக்கு நடந்ததைத் துன்புறுத்தல் என்றே அவன் இப்போது சொல்கிறான். நான் இதை முன்னேற்றமாகவே கொள்கிறேன்.

வேறு வகுப்புப் பையன்கள் இருவர் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெயரைச் சொல்வது நின்றபாடில்லை. மாலையில் விடுதி வரை மாணவர்கள் கூட்டமாகப் போகும்படி காப்பாளர் ஏற்பாடு செய்திருக்கிறார். பத்தாம் வகுப்புக்கான உதவித்தொகை விண்ணப்பம் ஜூனில் தொடங்கும். பெயர்ப் பட்டியலை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் அங்கே இருக்கிறது. அதை நிறுத்தும்படி பள்ளியும் நானும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.